கண்ணாடிக்குள் ஒரு கடல்!

குட்டீஸ்... வண்ண மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீர் நிரப்பிய தொட்டியைப் பார்த்ததுண்டா? அதை வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலை அல்ல. புதுத் தொட்டியில் அவசரப்பட்டு விட்ட மென்பவளங்கள், விரல் போன்ற கிளைகளைச் சுருக்கி, வாடி, சில நாட்களில் அழுகிக் கரைந்துவிடும். சுத்தமான தொட்டி, புதிய நீர்... பிறகு ஏன் இப்படி?

இந்தப் புதிருக்கு, 170 ஆண்டுகளுக்கு முன்பே பாடுபட்டு விடை தேடியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிலிப் ஹென்றி காஸ். மீன் காட்சித் தொட்டியை இன்று உலகமே, 'அக்வேரியம்' என்று அழைக்கிறதே... அந்தப் பெயரைப் பரப்பியவர் இவர்தான்!

இங்கிலாந்தில் உள்ள வூஸ்டர் நகரில், 1810 ஏப்ரல் 6ல் பிறந்தார் காஸ். அப்பா ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப் படங்கள் வரையும் ஓவியர். வருமானம் குறைவு. காஸ் வளர்ந்தது, பூல் என்ற துறைமுக ஊரில். அங்கே அவருடைய அத்தை, கடற்கரையில் கிடக்கும் உயிர்களைக் காட்டி, பெயர் சொல்லித் தந்தார். கடல் சாமந்தியைப் பிடித்தால், ஒரு பாத்திரத்தில் கடல்நீர் ஊற்றி, உயிரோடு வைத்துப் பார்க்கும்படி யோசனை சொன்னதும் அவரே. அந்த விதை பின்னாளில் பெரிய மரமாயிற்று.

குடும்பக் கஷ்டத்தால், 17 வயதிலேயே கப்பல் ஏறினார் காஸ். கனடா பக்கம் உள்ள நியூபவுண்ட்லாந்து தீவில், கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை. ஓய்வு நேரத்தில் பூச்சிகளைச் சேகரித்து, படம் வரைந்தார். பிறகு கனடாவில் விவசாயம் செய்தார், கைகொடுக்கவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் ஆசிரியரானார், அதுவும் நிலைக்கவில்லை. 1839ல் வெறுங்கையோடு நாடு திரும்பினார். ஆனால், இயற்கையை உற்றுப் பார்க்கும் கண்ணை மட்டும் இழக்கவில்லை. அதுவே அவரை எழுத்தாளராக்கியது. 1844ல் ஜமைக்கா சென்று, பறவைகளை ஆராய்ந்து நூல் எழுதினார்.

1852ல் உடல்நலம் குன்றியது. கடல் காற்றுக்காக, மனைவி எமிலி, குழந்தை எட்மண்ட் ஆகியோருடன் டெவன் கடற்கரைக்குப் போனார். பாறைக் குழிகளில் கடல் சாமந்திகளும், சிறு பவள உயிர்களும் பூத்துக் கிடந்தன. ஆனால், வீட்டுக்குக் கொண்டு வந்தால், நீர் நாறிவிடும், உயிர்கள் செத்துவிடும்.

இதில் அவருக்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. 1846ல் ஆனா தின் என்ற பெண்மணி, பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். அவர் வீட்டுப் பணிப்பெண் அந்த நீரை, திறந்த ஜன்னல் அருகே மாற்றி மாற்றி ஊற்றி, காற்று கலக்கச் செய்வார். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர், தொட்டியில் செடியும் இருந்தால், விலங்குகள் சுவாசிக்க ஆக்ஸிஜன் கிடைக்கும் என்று காட்டினார்.

காஸும் கடல் பாசிகளைத் தொட்டியில் வளர்த்தார். உயிர்கள் பிழைத்தன! 1853 மே மாதம், லண்டன் உயிரியல் பூங்காவில், பொதுமக்கள் பார்க்கும் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்காகக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தார் காஸ். அடுத்த ஆண்டு, 'தி அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். வாசகர்களிடம் பெரும் வரவேற்பு!

லண்டன்வாசிகளுக்குக் கடல்நீர் எப்படிக் கிடைக்கும்? அதற்கும் வழி கண்டார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவோடு நீரில் கரைத்து, செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். மிட்டாய்க் கடைக் கண்ணாடி ஜாடி ஒன்றில் அதை ஊற்றி, கூழாங்கற்களும், பச்சைப் பாசி முளைத்த கல்லும் போட்டார். உடனே உயிர்களை விட்டாரா? இல்லை. ஒரு வாரம் பொறுத்திருந்தார். பாசியின் நுண்ணிய விதைத்துகள்கள் நீரில் பரவட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பொறுமையில் இருக்கிறது ரகசியம்! உயிர்களின் கழிவிலிருந்து அமோனியா என்ற நச்சு உண்டாகிறது. அதைத் தீமை குறைந்த பொருளாக மாற்றுபவை, கற்களிலும், மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே, மென்பவளம் வாடினால், மேலும் மேலும் மருந்து கொட்டக் கூடாது. நீரைச் சோதித்து, சிறிது சிறிதாக மாற்றி, வெளிச்சத்தையும், நீரோட்டத்தையும் மிதமாக வைத்துக் காத்திருக்க வேண்டும்.

1857ல் எமிலி புற்றுநோயால் இறந்தார். துயரத்திலும் உழைத்து, 1860ல் பிரிட்டனின் கடல் சாமந்திகள், பவளங்கள் பற்றிய பெரிய நூலை முடித்தார் காஸ். அதன் வண்ணப் படங்களையும் அவரே வரைந்தார்.

ஆனால், ஒரு சோகமும் நடந்தது. அவர் புத்தகங்களைப் படித்தவர்கள், கூடையோடு கடற்கரைக்குப் படையெடுத்தனர். கண்ணில் பட்டதையெல்லாம் பெயர்த்தெடுத்து, தொட்டிகளில் போட்டனர். பலவும் செத்தன. பூத்துக் குலுங்கிய பாறைக் குழிகள் வெறுமையாயின. தாம் நேசித்த கரை, தம் எழுத்தாலேயே பாழானதைக் கண்டு காஸ் மனம் வருந்தியதை, மகன் எட்மண்ட் பின்னாளில் எழுதினார்.

1888 ஆகஸ்ட் 23ல், டெவன் கடற்கரை ஊரான டார்க்கீயில் மறைந்தார் காஸ்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, பாறை இடுக்கில் ஓர் அழகிய உயிரைக் கண்டால், குனிந்து நன்றாகப் பாருங்கள், படம் வரையுங்கள். கையோடு எடுத்து மட்டும் வந்துவிடாதீர்கள். அதன் வீடு அங்கேதான் இருக்கிறது, சரியா குட்டீஸ்!