புச்சிபாபு நாயுடு

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் அரசரையும் புலவரையும் சமயத் தலைவரையுமே பெரும்பாலும் தேர்ந்துகொள்கின்றனர். ஆட்டக்களத்தின் வாயிலாக நாட்டிற்கு நன்மை செய்தாரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. பந்தும் மட்டையும் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் போலும். மயிலாப்பூரில் வாழ்ந்து, நாற்பதாம் வயதில் மறைந்த புச்சிபாபு நாயுடுவின் வாழ்க்கையை அறிவோர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்வர். ஆகவே, நம் கல்லூரி மாணவர் பொருட்டு அவர் சரிதத்தைச் சுருங்கக் கூற முன்வந்தோம்.

மாலை வேளையில் சாந்தோமிலிருந்து தெற்கே திருவான்மியூர் வரையில் கடற்கரையை ஒட்டிச் செல்வோர், மணலிலும் தெருமுனைகளிலும் சிறுவர் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். அவர்களை யாரும் தடுப்பதில்லை; இன்ன குலத்தார், இன்ன நிறத்தார் என்று யாரும் வினவுவதுமில்லை. ஆனால் ஒரு காலத்தில் இச்சென்னையில் இவ்வாட்டம் வெள்ளையர்க்கே உரிய தனிச்சொத்தாக இருந்தது. அச்சொத்தில் நம்மவர்க்கும் பங்கு உண்டு என்பதைச் செயலால் நிலைநாட்டியவர் புச்சிபாபு நாயுடுவே ஆவர்.

அவர் 1868-ஆம் ஆண்டில் பிறந்தார். வேங்கட மகிபதி நாயுடு என்பது அவரது இயற்பெயர். புச்சிபாபு என்பது செல்லப்பெயர். பின்னர் அச்செல்லப்பெயரே நாடறிந்த பெயராயிற்று. அவரது குடும்பம் துபாஷ் குடும்பம். ஆங்கில வணிகர்க்கும் நம் நாட்டு வணிகர்க்கும் இடைநின்று, இருவர் மொழியையும் அறிந்து, கொடுக்கல் வாங்கலை நடத்திக் கொடுப்பவரே துபாஷ் எனப்பட்டனர். இவருடைய தாய்வழிப் பாட்டனாராகிய மோதவரபு டேரா வேங்கடசாமி நாயுடு, சென்னையின் பழம்பெரும் வணிக நிலையங்களுள் ஒன்றான பாரி கம்பெனியின் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். அப்பாட்டனாரின் ஆதரவில், மயிலாப்பூர் லஸ் பகுதியில் பரந்த தோட்டத்தின் நடுவே அமைந்திருந்த லஸ் ஹவுஸ் என்னும் மாளிகையில் புச்சிபாபு வளர்ந்தார்.

அக்காலத்துச் செல்வர் வழக்கப்படி, பிள்ளைகளைப் பயிற்ற ஓர் ஆங்கிலப் பெண்மணி அமர்த்தப்பட்டிருந்தார். அவர் பிள்ளைகளை மாலையில் சேப்பாக்கத்திற்கு அழைத்துச் சென்று, அங்கே ஆங்கிலேயர் கிரிக்கெட் ஆடுவதைக் காட்டுவது வழக்கம். பார்த்த பிள்ளையின் உள்ளத்தில் ஆடவேண்டும் என்னும் ஆவல் முளைத்தது. குதிரையேற்றத்திலும் டென்னிஸ் ஆட்டத்திலும் அவர் பழகியபோதிலும், மனத்தை முற்றும் கவர்ந்தது கிரிக்கெட்டே. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்று கண்டோர் எண்ணியிருக்கக்கூடும். பிற்காலத்து நிகழ்ச்சிகள் அஃது அங்ஙனமன்று என்று காட்டின.

சேப்பாக்கத்து நிலையை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். சென்னைக் கிரிக்கெட் கிளப் 1846-ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் அர்பத்னட் என்பவரால் தொடங்கப்பெற்றது. முதலில் தீவுத்திடலில் ஆடிவந்த அச்சங்கத்தார்க்கு, 1865-ஆம் ஆண்டில், முன்னர் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனையைச் சேர்ந்ததாயிருந்த சேப்பாக்கம் திடல் கிடைத்தது. அங்கே பசும்புல் தரையும் ஆட்டக்காரர் இளைப்பாறும் பெவிலியனும் அமைந்தன. ஆனால் அச்சங்கம் ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியது. நம்மவர் அங்கே எதிர்க்கட்சியாராக ஆடச் சென்றபோதும் பெவிலியனுக்குள் புக இடம் பெற்றாரல்லர். வெயிலில் ஆடிக் களைத்த இந்திய ஆட்டக்காரர், நண்பகல் உணவை வெளியே மரத்தடியில் உண்ண வேண்டியிருந்தது. அதே வேளையில் அதே பந்தை அடித்தாடிய ஐரோப்பியர் பெவிலியனுக்குள் அமர்ந்து உண்டனர்.

இவ்வேற்றுமை புச்சிபாபுவின் உள்ளத்தை வருத்தியது. களத்தில் ஒருவரை ஒருவர் ஒத்தவராகக் கொண்டு ஆடிவிட்டு, களத்தின் எல்லையைக் கடந்தவுடன் ஒருவர் மேலோர், மற்றவர் கீழோர் என்று பிரிவது எவ்வாறு பொருந்தும்? ஒருவரது ஆட்டத்தை ஏற்று, ஆடியவரை ஏற்க மறுப்பது ஆட்டத்தின் நெறிக்கே மாறானதன்றோ? இவ்வாறு இழிவுற்றோர்க்கு வழக்கமாக இரண்டு வழிகளே தோன்றும். ஒன்று, வாய்மூடிப் பொறுத்துக்கொள்வது. மற்றொன்று, சினந்து அவ்வாட்டத்தையே துறந்து விடுவது. புச்சிபாபு இவ்விரண்டையும் கொள்ளவில்லை. அவர் மூன்றாம் வழி ஒன்றைக் கண்டார். நம்மவர்க்கென ஒரு சங்கமும் ஒரு களமும் அமைத்து, எதிர்த்து ஆடும் வலிமையை வளர்த்து, அவ்வலிமையால் மதிப்பைப் பெறுவதே அவ்வழி.

அவ்வாறே 1888-ஆம் ஆண்டில் மதராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை எஸ்பிளனேடில் நிறுவினார். அப்போது அவர்க்கு வயது இருபது. இந்நாளில் அவ்வயதினர் கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர் என்பதை நம் மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சங்கம் தொடங்குதல் எளிது; அதை நடத்துதல் அரிது. கிரிக்கெட் செலவு மிக்க ஆட்டம். மட்டையும் கால்காப்பும் கையுறையும் நல்ல பந்தும் அந்நாளில் நடுத்தரக் குடும்பத்து இளைஞர்க்கு எட்டாத பொருள்கள். வெண்ணிற ஆடையும் காலணியும் வாங்குவதற்கும் பலரிடம் பொருளில்லை. புச்சிபாபு தம் செல்வத்தை இவ்வகையில் தாராளமாகச் செலவிட்டார். திறமையுள்ள இளைஞரைத் தேடிக் கண்டார். அவர்க்கு வேண்டிய கருவியும் உடையும் தந்தார். லஸ் ஹவுஸ் தோட்டத்தில் அவரைப் பயிற்றினார். செல்வமுள்ள ஒருவர் தாம் ஆடுவதற்காக ஒரு களம் அமைத்துக்கொள்வது வியப்பன்று; தம்மினும் வறியோர் தம்மை விஞ்சி ஆடும்பொருட்டுக் களம் அமைப்பதே வியப்பு. தாமும் சிறந்த ஆட்டக்காரராயிருந்து, தாம் வளர்த்த குழுவின் முன்னின்று ஆடினார்.

ஓர் ஆட்டம் ஒரு நாட்டில் வேர்கொள்வதும் கொள்ளாததும் இத்தகையோரைப் பொறுத்தே அமைகிறது என்பது எம் கருத்து. இதற்கு ரக்பி ஆட்டத்தை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதுவும் ஆங்கிலேயருடன் இந்நாட்டிற்கு வந்ததே. கல்கத்தாவில் 1873-ஆம் ஆண்டில் அதற்கென ஒரு சங்கமும் தோன்றியது. ஆனால் அச்சங்கத்தார் அதைத் தம்முள்ளேயே வைத்துக்கொண்டனர். உறுப்பினர் குறையவே, ஐந்தாண்டுகளில் சங்கம் கலைந்தது. வங்கியில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து தாய்நாட்டிற்கு அனுப்பிவிட்டனர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-ஆம் ஆண்டு முதல் ரக்பியில் போட்டியிடும் கல்கத்தாக் கோப்பை அதுவே. ஆட்டம் இந்நாட்டில் வேர்கொள்ளாமற் போக, கோப்பை மட்டும் கடல் கடந்தது! ஆனால் இலங்கையில் கண்டி நகரத்தில் நிகழ்ந்தது வேறு. அங்கே டிரினிட்டி, கிங்ஸ்வுட் என்னும் இரண்டு மிஷன் பள்ளிகள் அவ்வாட்டத்தை மாணவர் கையில் கொடுத்தன. 1906-ஆம் ஆண்டில் அவ்விரு பள்ளிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடின; ரக்பி அங்கே நிலைத்துவிட்டது. கண்டியில் பள்ளிகள் செய்ததைச் சென்னையில் கிரிக்கெட்டிற்குத் தனியொருவராகத் தொடங்கி வைத்தவர் புச்சிபாபு.

அவர் உள்ளத்தில் மற்றொரு பெருநோக்கமும் இருந்தது. சென்னையில் இந்தியரும் ஐரோப்பியரும் ஆண்டுதோறும் சமநிலையில் நின்று ஆடும் பந்தயம் ஒன்று நிகழவேண்டும் என்பதே அது. பம்பாயில் பார்ஸிகள் 1892-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியரோடு இத்தகைய பந்தயம் ஆடிவந்தனர். 1907-இல் இந்துக்களும் 1912-இல் முஸ்லிம்களும் அதிற் சேர்ந்தனர். ஆனால் பம்பாய்ப் பந்தயம் மதவாரியாகப் பிரிந்தது. ஒவ்வொரு சமயத்தார்க்கும் ஒவ்வொரு குழு என்னும் அம்முறையைக் காந்தியடிகள் 1940-ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கண்டித்தார். 1946-ஆம் ஆண்டோடு அஃது ஒழிந்தது. சென்னையில் அப்பிரிவு தோன்றவில்லை. இங்கே கட்சிகள் இரண்டே: ஐரோப்பியர் ஒருபுறம், இந்தியர் மற்றொருபுறம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்னும் வேற்றுமையின்றித் திறமையுடையார் அனைவரும் இந்தியக் குழுவில் ஒருங்கே நின்றனர். மரத்தடியில் ஒன்றாக உண்டவர் களத்தில் ஒன்றாக நிற்பதில் வியப்பென்ன?

பல்லாண்டு முயற்சியின் பயனாக, அப்பந்தயம் 1908-ஆம் ஆண்டின் இறுதியில் சேப்பாக்கத்தில் நிகழ்வதாக முடிவாயிற்று. எந்தத் திடலில் நம்மவர் மரத்தடிக்கு அனுப்பப்பட்டனரோ, அதே திடலில் ஐரோப்பியர்க்கு ஒத்த கட்சியாக நிற்கும் நாள் நெருங்கிற்று. அந்தோ! பந்தயத்திற்குச் சில நாட்களே எஞ்சியிருக்க, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் புச்சிபாபு நாயுடு காலஞ்சென்றார். இருபது ஆண்டு உழைப்பின் பயனைக் கண்ணாற் காணும் பேறு அவர்க்குக் கிட்டவில்லை. இந்தியக் குழுவின் தலைமை பி. சுப்பிரமணியம் என்பவரைச் சார்ந்தது. தலைவரை இழந்த துயரத்தோடு குழுவினர் களம் புகுந்தனர். பந்தயம் நின்றுவிடவில்லை, அதுவே அவர்க்குச் செய்த சிறந்த அஞ்சலி.

ஒருவர் செய்த வேலை நல்ல வேலைதானா என்பதை அவர் மறைந்த பின்னரே அறியலாம். தாமில்லாவிடில் நடவாத வேலையைச் செய்தவர் தம் புகழை வளர்த்தவர். தாம் மறைந்த பின்னும் நடக்கும் வேலையைச் செய்தவரே நாட்டை வளர்த்தவர். புச்சிபாபு பின்னவர் வகையைச் சேர்ந்தவர். மறு ஆண்டே, 1909-இல், அவர் நினைவாகச் சென்னைச் சங்கங்களிடையே ஒரு பந்தயம் தொடங்கப்பெற்றது. பின்னர் இந்தியாவின் பல மாநிலக் குழுக்களும் வந்து ஆடும் பந்தயமாக அது விரிந்தது. சில ஆண்டுகள் நடைபெறாதிருந்து, 2023-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றது. அவர் விரும்பிய ஐரோப்பியர் இந்தியர் பந்தயமும் பொங்கற் காலத்துத் திருவிழாப்போல ஆண்டுதோறும் நிகழ்ந்து, நாடு விடுதலையடைந்த பின்னர் 1952-ஆம் ஆண்டில் தன் கடமை முடிந்து ஓய்ந்தது.

அவருடைய மக்களும் தந்தையின் வழியே சென்றனர். வேங்கடராமானுஜுலு, பாலையா, ராமசாமி ஆகிய மூவரும் ஆட்டத்தில் பெயர் பெற்றனர். அவருள் ராமசாமி தாய்வழிப் பாட்டனார் குடும்பத்திற்குச் சுவீகாரம் சென்றமையால் கோட்டா ராமசாமி எனப்பட்டார். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவின் பொருட்டு ஆடினார். 1936-இல், தம் நாற்பதாம் வயதில், மாஞ்செஸ்டர் நகரத்தில் இங்கிலாந்தை எதிர்த்துத் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தில் ஆடி, முறையே 40, 60 ஓட்டங்கள் எடுத்தார். தந்தை உலக வாழ்வை முடித்த அதே வயதில் மகன் உலக அரங்கில் ஆடத் தொடங்கினார்!

சேப்பாக்கத் திடலின் பின்வரலாற்றையும் நோக்குவோம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் தேதி அங்கேதான் நிகழ்ந்தது. சென்னைக் குழு மைசூர்க் குழுவை ஒரே நாளில் வென்றது. திருவல்லிக்கேணி இளைஞர் கோபாலன் முதற் பந்தை வீச, ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அத்திடலிலேயே. தோற்றவர் இங்கிலாந்துக் குழுவினர். நம்மவர் உண்ண இடமின்றி மரநிழலைத் தேடிய இடத்தில் இதைவிடத் தக்க மறுமொழி வேறு யாது?

மாணவர்காள்! இச்சரிதம் நமக்கு உணர்த்துவது யாது? இழிவு நேர்ந்தவிடத்துக் கசப்பை வளர்ப்பவர் பலர். களத்தை வளர்ப்பவர் சிலர். புச்சிபாபு தமக்கு மட்டும் மதிப்பு வேண்டியிருந்தால், செல்வாக்கால் அதை ஒருவாறு பெற்றிருக்கவுங்கூடும். அவர் வேண்டியது தம்முடன் மரத்தடியில் அமர்ந்தோர் அனைவர்க்கும் உரிய மதிப்பு. நம் கல்லூரிக் குழுவில் இடம்பெற்ற ஒவ்வொருவரும், தம் மட்டையையும் கால்காப்பையும் அவை இல்லாத ஒரு தோழனோடு பகிர்ந்துகொள்வாராயின், எதிர்க்கட்சியாரை விருந்தினராக மதித்து ஒரே பந்தியில் அமர்த்துவாராயின், அதுவே லஸ் ஹவுஸ் பெரியாரின் நினைவைப் போற்றும் முறையாகும். கோப்பை வெல்வது அதற்குப் பின்னரே.