எண்களின் தோழர் இராமானுசன்

வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் பேருந்தில் சென்று, அங்கிருந்து சென்னை செல்லும் தொடர்வண்டியில் ஏறினால், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்ததும் ஈரோடு வரும். வடகரப்பதிப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவன்று. அந்த ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில், 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். அவர் வளர்ந்த ஊர் கும்பகோணம். தந்தையார் சீனிவாசர் துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர்கள் வாழ்ந்த சிறிய வீடு இன்றும் நினைவில்லமாகப் பேணப்படுகிறது.

பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் வகுத்தலைக் கற்பித்தார். மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கொன்று. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றே வரும் என்று விளக்கினார். பழமே இல்லாமல், பெறுவோரும் இல்லாமல் பகிர்ந்தாலும் ஆளுக்கொன்று கிடைக்குமா எனச் சிறுவன் இராமானுசன் வினவியதாகச் சொல்லப்படுகிறது. சுழியத்தைப் பிற எண்களோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட அச்சிறுவனுக்கு மனம் ஒப்பவில்லை.

நமக்கு எண்கள் பொருள்களை எண்ண உதவும் கருவிகள் மட்டுமே. அவருக்கோ ஒவ்வோர் எண்ணும் தனிமுகம் கொண்ட ஆள். 12ஐப் பாருங்கள். அது 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்களால் மீதியின்றி வகுபடும். பலரோடும் எளிதில் கலந்து பழகும் மனிதரைப் போன்றது. அடுத்த வீட்டிலிருக்கும் 13 தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாது. அதைத் தனித்திருப்பவர் எனலாம். ஆனால் குறையுடையவர் என்று சொல்லிவிட முடியாது. தமக்கு முந்தைய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட 12, 24 போன்ற எண்களைப் பற்றி இராமானுசன் 1915ஆம் ஆண்டு நீண்டதோர் ஆய்வுக் கட்டுரையே எழுதி வெளியிட்டார். நேர்முழு எண்கள் ஒவ்வொன்றும் இராமானுசனின் தனிப்பட்ட நண்பர் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் லிட்டில்வுட் வியந்தது இதனால்தான்.

மனிதரை எண்ணால் அளக்கும் உலகம் அவரிடம் அவ்வளவு பரிவாக நடந்துகொள்ளவில்லை. பள்ளி இறுதியில் கணிதப் பரிசு பெற்றவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறெதையும் கருத்தில் கொள்ளாததால் தேர்வில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. மதிப்பெண் பட்டியல் அவரைத் தோல்வியுற்ற மாணவர் என்றே குறித்தது. ஆனால் அதே ஆண்டுகளில்தான், காகிதம் வாங்கப் பணமின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவந்தார். அவருடைய முடிவுகள் கனவில் தோன்றியவை என்போர் இந்த உழைப்பை மறந்துவிடுகின்றனர். நாமகிரித் தாயாரிடம் அவருக்கிருந்த பக்தி உண்மை. பலகை அழித்துத் தேய்ந்து கறுத்த முழங்கையும் உண்மை.

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அடுத்த ஆண்டு சனவரி 16 அன்று, தம் தேற்றங்கள் பலவற்றை இணைத்துக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதினார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்தனர். சில, முன்பே அறியப்பட்டவை. சில, அவர்கள் கண்டிராதவை. பொய்யாக இவற்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் எவருக்கும் இராது. ஆகவே இவை உண்மையாகவே இருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு ஹார்டி வந்தார். அவர் பிற்காலத்தில் கணித அறிஞர்களின் இயல்பான திறனுக்கு மதிப்பெண் இட்டு, தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, செருமானிய அறிஞர் ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுசனுக்கு 100 என்று வழங்கியதாகக் கூறுவர். கல்லூரித் தேர்வில் தேறாதவருக்குக் கிடைத்த நூறு!

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17 அன்று கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் மரக்கறி உணவைத் தாமே சமைத்துண்டார். குளிர் அவரை வாட்டியது. கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்க வேண்டும் என்பதை அறியாமல், அவற்றின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். நண்பர் மகலநோபிசுதான் அதனைக் கண்டு, படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். அந்த நாட்டில் அவர் 13ஆம் எண்ணைப் போலவே வாழ்ந்தார் எனலாம்.

அங்கே அவரும் ஹார்டியும் சேர்ந்து செய்த பெரும்பணி எண்களின் பிரிவினை பற்றியது. நான்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் எழுதலாம். ஐந்தை ஏழு வகையில் எழுதலாம். குறிப்பேட்டில் முயன்று பாருங்கள். பத்துக்கு 42 வகைகள். நூறுக்கோ 19,05,69,292! எளிய எண் ஒன்றனுள் இத்தனை வடிவங்கள் உறங்குகின்றன. அவற்றின் எண்ணிக்கையை நெருங்கிக் கணிக்கும் வாய்பாட்டை 1918இல் இருவரும் வெளியிட்டனர். அவ்வாண்டே இலண்டன் அரசக் கழகம் இராமானுசனை உறுப்பினராக்கியது.

அதற்குள் நோய் பற்றிவிட்டது. இலண்டனின் பட்னி பகுதியில் மருத்துவமனையில் இருந்தவரைக் காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பேதுமற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் சொன்னார். இராமானுசன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூடுதலாக இருவேறு வகைகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அதுவே: 1729 = 1×1×1 + 12×12×12; 1729 = 9×9×9 + 10×10×10. இது அந்நேரத்தில் திடீரென உதித்ததன்று. இங்கிலாந்துக்குச் செல்லுமுன்பே அவருடைய குறிப்பேட்டில் இடம்பெற்றிருந்தது. பழைய நண்பர் ஒருவரைச் சிறப்பற்றவர் என்று பிறர் சொல்ல, அவர் பொறுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

1919இல் தாயகம் திரும்பினார். சென்னைச் சேத்துப்பட்டில் நோய்ப் படுக்கையிலும் மனைவி சானகி எடுத்துத் தரும் தாள்களில் எழுதிக்கொண்டேயிருந்தார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் மறைந்தபோது அகவை முப்பத்திரண்டு. இறுதி ஓராண்டில் எழுதிய தாள்கள் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்று, டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976இல் அமெரிக்க அறிஞர் சார்சு ஆண்ட்ரூசு அவற்றைக் கண்டெடுத்தார். விளக்கமோ நிறுவலோ இல்லாமல் எழுதப்பட்டிருந்த அம்முடிவுகளை ஒவ்வொன்றாக நிறுவி வெளியிட அவரும் புரூசு பெர்ண்டும் ஐந்து பெருந்தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது.