சர். சி. வி. இராமனும் ஒலியின் அளவும்

நம் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திருவிழாக் காலம் வந்துற்றால், பந்தற் காலில் கட்டிய ஒலிபெருக்கிகளின் முழக்கம் வயல்களைக் கடந்தும் கேட்கும். அவற்றுள் எது சிறந்தது என்று வினவினால், உரக்க ஒலிப்பதே சிறந்தது எனச் செவி தீர்ப்பளிக்கும். அத்தீர்ப்புப் பெரும்பாலும் வழுவுடையது. ஒன்று அருகிலும் மற்றொன்று தொலைவிலும் இருக்கலாம். ஒன்றற்கு மின்னாற்றல் மிகுதியாக ஊட்டப்பெற்றிருக்கலாம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகும். ஆதலின் தொலைவும் மின்னாற்றலும் ஒத்திருக்கச் செய்து அளந்தாலன்றி ஒப்பிடல் இயலாது. இம்முறையை இசைக்கருவிகளின்கண் கையாண்டு வெற்றி கண்ட தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சர். சி. வி. இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வயலினில் மிக்க விருப்புடையவர். மைந்தர் சென்னை மாகாணக் கல்லூரியில் பயின்று 1907இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே அரசாங்க நிதித் துறையில் அமர்ந்து கல்கத்தா சென்றார். ஆயினும் அவர் உள்ளம் கணக்கேடுகளில் அடங்கவில்லை. காலையிலும் மாலையிலும் பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் பெருஞ்சம்பளத்தைத் துறந்து, குறைந்த ஊதியமுடைய பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். பொருளினும் உண்மையை உயர்வாக மதித்த செயல் அது.

தந்தையார் விரும்பிய வயலினே மைந்தரின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. வில்லை இழுக்கும் கை ஒருகால் அழுத்தும், ஒருகால் தளரும். அங்ஙனமாயின் ஒலியின் வேறுபாடு கருவியினுடையதா, கையினுடையதா என்று எவ்வாறு அறிவது? 1920இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வழி கண்டது. வில்லை நிலையாக நிறுத்தி, வயலினையே பொறியால் ஒரே வேகத்தில் முன்னும் பின்னும் இயங்கச் செய்தார். வில்லின் அழுத்தத்தை எடைகளால் அளந்தார். ஏனையவற்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றினார். வில் குதிரைக்கு அருகே செல்லச் செல்ல அழுத்தம் மிகுதியாக வேண்டும் என்பதும், கருவியின் உடல் தானே அதிரும் சுருதிகளில் அவ்வழுத்தம் இன்னும் மிகும் என்பதும் எண்களால் விளங்கின.

இம்முறை நம் மிருதங்கத்திற்கும் நீதி வழங்கியது. தோற்கருவிகளின் மேற்சுருதிகள் அடிச்சுருதியோடு இயைவதில்லை. ஆதலின் அவை இசைக்குக் குறையுடையன என்பது மேனாட்டு ஒலிநூலாரின் பொதுக்கருத்து. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இடப்பெறும் கருஞ்சாந்து அக்குறையை நீக்கி, மேற்சுருதிகளை அடிச்சுருதியின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளாக இயைவிக்கிறது என்று இராமன் மெய்ப்பித்தார். நுண்மணலைத் தோலின்மேல் தூவி, அதிராத கோடுகளைக் கண்ணாலும் காணச்செய்தார். பெயரறியாத கைவினைஞர் தலைமுறை தலைமுறையாகச் செவியால் கண்டது, அளவையாலும் மெய்யாயிற்று.

1928இல் ஒளிச்சிதறலில் அவர் கண்ட விளைவும், 1930இல் பெற்ற நோபெல் பரிசும் உலகறிந்தவை. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் அவர் மறைந்தார்.

உரத்த ஒலி உயர்ந்த ஒலியன்று; மிகப் பலர் கூறும் கருத்து மெய்க்கருத்தும் அன்று. இரண்டையும் ஒத்த நிலையில் நிறுத்தி அளந்த பின்னரே தீர்ப்புரைத்தல் வேண்டும். ஒலிபெருக்கியை மதிப்பிடும்போது மட்டுமன்றி, மக்களை மதிப்பிடும்போதும் மாணவராகிய நாம் இந்நெறியைக் கடைப்பிடிப்போமாக.