தடம் பதிக்காத ஒளி

நுழையும்முன்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் உள்ள காளிகாட், காளி கோயிலால் புகழ் பெற்றது. அதனை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கோயிலைப் போலவே நாடகமும் இந்நகரின் அடையாளமாகும். காளிகாட்டிலும் தபன் தியேட்டர் என்னும் நாடக அரங்கு உண்டு. இந்நகர மேடைகளில் ஒளியால் வியப்புகளை நிகழ்த்திய கலைஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

தாபஸ் சென்

தாபஸ் சென் 1924ஆம் ஆண்டு அசாமில் உள்ள துப்ரி என்னும் ஊரில் பிறந்தார், தில்லியில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே நாடகங்களுக்கு ஒளி அமைக்கத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் கொல்கத்தாவுக்கு வந்தார். பிறந்த ஊரையும் வளர்ந்த ஊரையும் விட்டு வந்த அவரை இந்நகரம் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டது.

அக்கால நாடகக் குழுக்களிடம் பொருள்வளம் இல்லை. விலையுயர்ந்த விளக்குகளை அவற்றால் வாங்க இயலவில்லை. தாபஸ் சென் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. தகர டப்பாக்களில் மின்விளக்குகளைப் பொருத்தித் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

1954இல் சோம்பு மித்ரா இயக்கிய, தாகூரின் 'ரக்தகரபி' நாடகத்திற்கு ஒளி அமைத்தார். 1959இல் உத்பல் தத்தின் 'அங்கார்' மினர்வா அரங்கில் நிகழ்ந்தது. அது நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிய தொழிலாளரின் துயரக் கதை. சுரங்கத்துள் வெள்ளம் மெல்ல உயர்ந்து அவர்களை மூழ்கடிப்பதை அவையோர் கண்டு கலங்கினர். மேடையிலோ ஒரு துளி நீரும் இல்லை. அனைத்தும் ஒளியின் விளையாட்டே! 'சேது' நாடகத்தில் விரைந்து வரும் இரயிலையும் ஒளியாலேயே காட்டினார். ஒளி நடிப்பை மறைத்துவிடுகிறது என்று குறை கூறியோரும் இருந்தனர். ஆயினும், 'ரக்தகரபி'யில் கதைக்கு அடங்கி நின்றதும் அவர் அமைத்த ஒளியே.

மேடைக்குப் பின்னால்

நடிகர் குறித்த இடத்திலிருந்து ஓரடி விலகி நின்றாலும் அவர் முகம் இருளில் மறையும். தரையில் கிடக்கும் மின்கம்பி காலை இடறினால் விபத்து நேரும். ஆதலால், மேடைப் பணியாளர் நிற்குமிடங்களைக் குறிக்கவும் கம்பிகளைத் தரையோடு பிணைக்கவும் இன்று 'கேஃபர் டேப்' எனப்படும் துணி ஒட்டுநாடாவைப் பயன்படுத்துகின்றனர். அமெரிக்காவில் ராஸ் லோவெல் என்பவர் அதனை உருவாக்கியதும் 1959ஆம் ஆண்டிலேதான். அது கையால் எளிதில் கிழியும்; அதன் மங்கலான மேற்பரப்பு விளக்கொளியில் பளபளக்காது; உரித்தெடுத்தால் தரையில் பசை தங்காது. மறுநாள் மேடைக்கு வரும் குழுவினர் தூய தரையைக் காண்பர்.

தாபஸ் சென்னின் கலையும் அத்தகையதே. விளக்கு அணைந்ததும் வெள்ளமும் இரயிலும் மறைந்தன. மேடையில் எத்தடமும் எஞ்சவில்லை. கண்டவர் நெஞ்சில் மட்டும் அவை நிலைத்தன. 1974இல் சங்கீத நாடக அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. 2006ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், தம் 81ஆம் வயதில், அவர் மறைந்தார். நாடகம் காணும்போது, திரைக்குப் பின்னால் உழைப்போரையும் நாம் நன்றியுடன் நினைப்போமாக.

சொற்பொருள்

அவையோர் – நாடகம் காண வந்தோர்
தடம் – அடையாளம்
எஞ்சுதல் – மீதமாதல்

விடையளிக்க

1. தாபஸ் சென் விளக்குக் கருவிகளைத் தாமே செய்தது ஏன்?
2. மேடைக்குத் துணி ஒட்டுநாடா ஏற்றதாக இருப்பதற்கான காரணங்கள் யாவை?
3. உம் பள்ளி விழாவில் திரைக்குப் பின்னால் பணிபுரிவோரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.