முதல் பாடம் முதலாளிக்கு!

ஆலைத் தொழிலாளி நோயுற்றால் குற்றம் யாருடையது? கையைக் கழுவாமல் சோறுண்டான், குடித்தான், சுத்தம் அறியாதவன் என்று பழியை அவன் தலையிலேயே சுமத்துவது முதலாளிமார் நெடுங்காலமாக ஒப்பித்துவந்த பாடம். அந்தப் பாடத்தைக் கிழித்தெறிந்த மாதரசி ஒருவரை இன்று நாம் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார்.

1869-இல் அமெரிக்காவிலே பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1893-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சீமான்களுக்கு நாடிபார்த்துச் செல்வம் சேர்த்திருக்கலாம். அவரோ 1897-இல் சிக்காகோ நகரின் ஏழைகள் வாழும் பகுதியிலே, ஹல் ஹவுஸ் என்னும் தொண்டு இல்லத்தில் குடியேறினார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த இத்தாலியரும் போலிஷ்காரரும் அங்கே அண்டை வீட்டார். நல்ல உடற்கட்டோடு ஆலைக்குள் நுழைந்தவர்கள், கைவிழுந்து, குடல் முறுக்கும் வலியோடு வெளியே வருவதைக் கண்டார். காரணம் என்ன? ஈயம்!

தொழில் நோய்களை ஆராய இலினாய் மாநில அரசு அமைத்த குழு 1910-இல் ஆய்வில் இறங்கியது. ஆய்வை நடத்தும் பொறுப்பு அம்மையாருக்கு. ஆலைக் கணக்கிலே நோயாளி இல்லை. தொழிலாளியோ, வேலை போய்விடுமே என்று வாய் திறக்கவில்லை. அம்மையார் சளைத்தாரா? இல்லை! மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார், மருந்துக் கடைக்காரரைக் கேட்டார், தொழிலாளர் வீட்டுப் படியேறினார். 70-க்கு மேற்பட்ட தொழில் முறைகளிலே ஈயம் பயன்படுவதைக் கண்டறிந்தார்.

கண்டது அதுமட்டுமா? கையில் ஒட்டிய ஈயத்தைவிட, காற்றிலே பறக்கும் தூளும் புகையுமே பெரும் கேடு என்று காட்டினார். எத்தனை முறை கைகழுவினாலும், மூச்சை நிறுத்த முடியுமா, தோழர்களே? ஆகவே தூள் கிளம்பாமல் தடு, எந்திரத்தை மூடு, புகையை உறிஞ்சி வெளியேற்று என்றார். இவை முதலாளி செய்யவேண்டிய வேலைகள்!

1911-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. ஆபத்தான தொழில்களில் பாதுகாப்பு ஏற்பாடும், மாதந்தோறும் மருத்துவச் சோதனையும் கட்டாயமாயின. பின்னர் மத்திய அரசின் ஆய்வாளரானார் அம்மையார். ஆலைக்குள் நுழையச் சட்ட அதிகாரம் கிடையாது, வாதாடியே நுழைந்தார். ஈயக் கம்பெனியின் துணைத் தலைவர் எட்வர்ட் கார்னிஷ் முதலில் நம்ப மறுத்தார். அவர் ஆலையிலேயே ஈய நஞ்சால் வீழ்ந்த 22 பேரின் விவரத்தை முன்வைத்தார் அம்மையார். கார்னிஷ் மனம் மாறி, தூசி தடுக்கவும் மருத்துவர் வைக்கவும் ஏற்பாடு செய்தார்.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகம் அவரை ஆசிரியராக அமர்த்தியது. அங்கே ஆசிரியரான முதல் பெண் அவர். ஆனால் ஆசிரியர் மன்றத்திலே நுழையாதே, பட்டமளிப்பு ஊர்வலத்திலே நடக்காதே என்று தடை! 1935-இல் ஓய்வு பெறும்வரை துணைப் பேராசிரியர் பதவிக்குமேல் உயர்வு இல்லை. அறிவுக்குக் கோயில் கட்டியோரும் பெண்ணுக்குக் கதவடைத்தனர்!

1925-இல் பெட்ரோலிலே ஈயம் கலப்பதை எதிர்த்து எச்சரித்தார். கேட்டார்களா? இல்லை. உலகின் கடைசி நாடு அதை மோட்டார் வண்டிகளுக்கு விற்பதை நிறுத்தியது 2021-இல்!

1970 செப்டம்பரில், 101-ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா முழுமைக்குமான தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று; பயிற்சிக்கும் அதிலே இடம் உண்டு.

தோழர்களே! உங்கள் ஆலையிலும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கலாம். முகத்திலே துணி கட்டு, கையுறை போடு என்பார்கள். அவசியம் கேளுங்கள், கடைப்பிடியுங்கள். கேட்டுவிட்டு, நாம் மூச்சிழுக்கும் தூசியை உறிஞ்ச விசிறி எங்கே, எந்திரத்துக்கு மூடி எங்கே, மருத்துவச் சோதனை என்றைக்கு என்று சங்கத்தின் வாயிலாகக் கேள்வி எழுப்புங்கள். தொழிலாளிக்கு மட்டும் நடத்தும் பாடம் பாதிப் பாடம். மீதிப் பாதியை முதலாளி படித்தாரா என்று பார்ப்பது நமது கடமை!