டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

சேலம் நகருக்குத் தெற்கே, கொல்லிமலைக்கும் காவிரியாற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளி வளம் மிக்கது. சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்கும் தெற்கே காவிரிக் கரையில் பரமத்தி வேலூர். கரும்பும் வாழையும் செழிக்கும் அவ்வூரைச் சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால்கள் பச்சைப் பந்தல் விரித்தாற்போல் நிற்கும்.

இத்தகைய நெடுஞ்சாலைகளில் இக்காலத்தில் புதியதோர் அறப்பணியைக் காண்கிறோம். இளைஞர்கள் குழுவாகக் கூடிப் பல நாள் மிதிவண்டியிற் பயணம் செய்கின்றனர். வழியிலுள்ள ஊர்களில் இறங்கிப் புற்றுநோயைப் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்கின்றனர். நோயாளிகளுக்கென நிதியும் திரட்டுகின்றனர். கனடா நாட்டு இளைஞர் டெரி பாக்ஸ் என்பவர் புற்றுநோயால் ஒரு காலை இழந்தபின், செயற்கைக் காலுடன் 1980-ஆம் ஆண்டில் 143 நாள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் மீண்டும் தாக்கவே ஓட்டத்தை நிறுத்தினார். மறு ஆண்டு உயிர் நீத்தார். உலகெங்கும் இத்தகைய பயணங்கள் பெருக அவருடைய ஓட்டமே பெரிதும் தூண்டுகோலாயிற்று.

இன்று மிதிவண்டியில் வருவோர் மக்களிடம் கூறுவது எளிய செய்தியே. வாயில் ஆறாத புண்ணோ, மார்பில் கட்டியோ, காரணமற்ற குருதிப்போக்கோ கண்டால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது அது. ஆனால் செல்வதற்கு ஒரு மருத்துவமனை வேண்டுமன்றோ? ஒரு நூற்றாண்டுக்கு முன்பு தென்னாட்டில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை ஒன்றுமில்லை. அக்குறையைப் போக்குவதற்காக 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பெருமாட்டியே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டைக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், கோயிற்பணிக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை உடையதாயிருந்த குலத்தில் தோன்றியவர். அக்குலத்தைச் சமூகம் தாழ்வாகவே நோக்கிற்று. அறிவில் உயர்ந்த தந்தையின் மகள் என்ற பெருமையும், பிறர் இழித்துரைக்கும் குலத்தாளின் மகள் என்ற துன்பமும் ஒருங்கே சூழ அவர் வளர்ந்தார்.

பெண்கள் பருவம் எய்தியதும் பள்ளியை விட்டு நிற்பது அக்கால வழக்கம். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே பாடங்களைப் பயின்று மெட்ரிகுலேஷன் தேர்விற் சிறப்புறத் தேறினார். அதன்பின் ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இடம் வேண்டி விண்ணப்பித்தார். ஒரு பெண் வந்து அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று சிலர் தடுத்தனர். அவருடைய தாயின் குலத்தையும் குறை கூறினர். அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளைப் பொருட்படுத்தாது அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார். தடுத்தவர்களின் பெயர்களை இன்று நினைப்பார் இல்லை.

1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த அம்மையார், 1912-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். இந்தியப் பெண்கள் மருத்துவப் பட்டம் பெறுவது மிக அரிதாயிருந்த காலம் அது. எழும்பூரிலிருந்த மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிற் பணியாற்றிப் பின்னர்த் தாமே மருத்துவத் தொழிலை நடத்திவந்தார். 1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் ஆகாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அவர் அம்மணத்திற்கு இசைந்தார். சுந்தர ரெட்டியார் அவ்வுறுதியை இறுதிவரை காத்தார்.

இவ்வாறு நல்ல தொழிலும் நல்ல குடும்பமும் வாய்த்திருந்த நாளில் அவர் வாழ்வைத் திசைதிருப்பிய துயரம் ஒன்று நேர்ந்தது. அவருடைய தங்கை நோயுற்றார். முதலில் அதனைச் சீதபேதி என்றே கருதி மருத்துவம் செய்தனர். நாட்கள் கழிந்தன, நோய் தணியவில்லை. அது குடலின் கீழ்ப்பகுதியிற் பற்றிய புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ஆம் ஆண்டில் அத்தங்கை அம்மையாரின் கண்முன்னே வருந்தி உயிர் துறந்தார். மருத்துவரின் வீடே அது. சென்னை மாநகரின் சிறந்த மருத்துவர்களை அழைக்கவும் வழி இருந்தது. எனினும் உண்மையான நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படவில்லை.

மருத்துவர் வீட்டிலேயே இந்நிலை என்றால் நாட்டுப்புறத்தார் நிலையைக் கேட்க வேண்டுவதில்லை. சேலத்து நெசவாளர் ஒருவருக்கோ பரமத்தி வேலூரில் கொடிக்காலிற் பாடுபடும் உழவர் ஒருவருக்கோ அந்நாளில் கன்னத்தின் உட்புறம் சிறு புண் தோன்றியிருந்தால் அவர் என் செய்திருப்பார்? வலியில்லாத புண்தானே என்று விட்டிருப்பார்; வழக்கம்போல் வெற்றிலை பாக்குடன் புகையிலையையும் அதே கன்னத்தில் அடக்கியிருப்பார். வெற்றிலைக்குத் துணையாக மெல்லும் புகையிலையும், பாக்கும் கூடப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது இன்று ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. அன்று ஊரில் அதனைச் சொல்வார் இல்லை. புண் வளர்ந்து உணவு விழுங்கவும் இயலாத நிலையில், 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு அவரை இரயிலேற்றிக் கொண்டுவந்தாலும், அங்கும் இந்நோய்க்கென்று தனியிடம் இல்லை. சென்னைப் பொது மருத்துவமனையின் பெர்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியதே 1934-ஆம் ஆண்டில்தான். பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-ஆம் ஆண்டிற் பிறந்தது.

பெண்களின் நிலை இன்னும் கொடிது. கருப்பை வாயிலும் மார்பிலும் தோன்றும் புற்றுநோயைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல நாணினர். கணவரிடமும் கூறாமல் மறைத்தனர். நோயினும் நாணமே பலர் உயிரைக் குடித்தது எனலாம்.

தங்கையை இழந்த அம்மையார் 1925-ஆம் ஆண்டில் இலண்டன் சென்று மகளிர், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் பயின்றார். புற்றுநோய்க்கென்றே அந்நகரில் இயங்கிய மருத்துவமனையையும் கண்டார். அங்கே இந்நோய் விதி என்று கைவிடப்படவில்லை. முன்னதாகக் கண்டறிந்தால் அறுவையாலும் ரேடியக் கதிராலும் பலரைக் காக்கலாம் என்பதை அவர் நேரிற் கண்டு தெளிந்தார். அத்தகைய நிலையம் ஒன்றைச் சென்னையில் அமைத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றிற்று.

தாயகம் திரும்பியவருக்கு வேறொரு கடமை காத்திருந்தது. 1926-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்திற்கு அவர் நியமிக்கப்பெற்றார். விரைவில் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவிற் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. அப்பொழுது சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் சமீன்தாரான டாக்டர் சுப்பராயன். சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த அவ்வூர், 1997-ஆம் ஆண்டுமுதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அம்மையார் அவையிற் போராடிய வரலாறு தனியொரு பாடமாக எழுதத்தக்கது. 1929-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்திருத்தம் நிறைவேறியது; முழுத் தடை 1947-ஆம் ஆண்டிலேதான் வந்தது. காந்தியடிகள் உப்பு அறப்போரிற் சிறைப்பட்டபோது, 1930-ஆம் ஆண்டில், அம்மையார் தம் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண் குழந்தைகள் தம் இல்லம் தேடி வந்தபொழுது அவர்களைத் தங்கவைத்ததே, பின்னர் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இத்தனை பணிகளுக்கு இடையிலும் தங்கையின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. 1935-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிற் பேசிய அம்மையார், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்ற கோரிக்கையை அறிஞர்கள் முன் வைத்தார். அவை கேட்டது, கலைந்தது. பொறுப்பிலிருந்தவர்களிடம் பலமுறை முறையிட்டார். இந்நோய் கண்டவர் எப்படியும் இறப்பவரே. அவருக்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவரும் உண்டு. நோயைக் காட்டிலும் அந்நம்பிக்கையின்மையை வெல்வது அரிதாயிருந்தது.

விடுதலைக்குப் பின், 1949-ஆம் ஆண்டில், இந்திய மாதர் சங்கத்தின் சார்பிற் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை அம்மையார் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை 63. ஓய்வு கொள்ளும் வயதில் அவர் பிறரிடம் சென்று பொருள் கேட்கத் துணிந்தார். சட்டமன்றத் துணைத் தலைவராக வீற்றிருந்தவர், அறத்தின் பொருட்டுக் கையேந்தி நின்றார். அவர் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவத்திற் பயிற்சி பெற்று வந்து தாயின் முயற்சிக்குத் தோள் கொடுத்தார். வளமான தொழிலை நாடியிருந்தால் அவர் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். மக்கள் அளித்த நன்கொடை சிறுகச் சிறுகச் சேர்ந்தது. கொடுத்தவர்கள் நிதியுடன் ஒரு செய்தியையும் அறிந்து சென்றனர்: புற்றுநோய் மறைக்கத் தக்கதன்று, மருத்துவரிடம் காட்டத் தக்கது என்பதே அது.

1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. நாட்டியவர் தலைமை அமைச்சர் நேரு. அவ்வாண்டில் மாநில முதலமைச்சர் இராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து புகழ்பெற்றவர். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அதில் இருந்த படுக்கைகள் 12. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறு ஆண்டில் சாந்தா என்னும் இளம் பெண் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தியும் அவரும் மிகச் சிறிய பணியாளர் குழுவுடன் அல்லும் பகலும் உழைத்தனர். ஏழைகளிடம் பொருள் கேளாது மருத்துவம் செய்யும் வழக்கம் தொடக்கம் முதலே அங்கு நிலைபெற்றது. 1956-ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிப் பெருமைப்படுத்தியது.

1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். 82-ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்தன. கருவுற்ற ஏழை மகளிருக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. சேலத்து ஊர்களிலும் நாமக்கல் ஊர்களிலும் அவ்வுதவியைப் பெறும் தாய்மார் பலர். பெயருக்குரியவர் யார் என்று அறிந்தோர் சிலரே.

டாக்டர் சாந்தா அதன்பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து பணிபுரிந்து, 2021-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் மறைந்தார். பன்னிரண்டாயிருந்த படுக்கைகள் அதற்குள் ஐந்நூறைக் கடந்துவிட்டன.