பட்டம் பெறாத பேரறிஞர்

பெ. தூரன் 1908ஆம் ஆண்டு ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் சென்னையில் பட்டப்படிப்பை முடிக்கவிருந்த வேளையில், 1931ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், ஆங்கில அரசு பகத்சிங்கைத் தூக்கிலிட்டது. மனம் கொதித்த தூரன் இறுதித் தேர்வை எழுத மறுத்தார். அதனால் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் கற்பதை நிறுத்தவில்லை.

ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர்த் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியரானார். பல துறை அறிஞர்களின் கட்டுரைகளைத் திரட்டி, 10 தொகுதிகளை உருவாக்கினார். 1968இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அதன் பின்னும் ஓய்வெடுக்காமல், குழந்தைகளுக்கென்றே மேலும் 10 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தைப் படைத்தார்.

குழந்தைகளுக்குச் செய்திகளை மட்டுமன்றிக் கற்பனையையும் வழங்கினார் தூரன். 'மாயக்கள்ளன்', 'கொல்லிமலைக் குள்ளன்' முதலிய சாகசக் கதைகள் அவர் எழுதியவை. 1987இல் அவர் மறைந்தார். கொல்லிமலையைக் கண்டிராத பாசிர் ரிஸ் மாணவரும் அவருடைய கதையின் துணையோடு அம்மலைக்குப் பயணம் போகலாம்.